சித்திரையில் தூங்கட்டும் புல்

தை மாதத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் வாசல் புல்லைப் பார்த்ததும் கேட்பது ஒன்றுதான்: “வருஷம் பூரா இப்படியே பச்சையா இருக்குமா?” இருக்காது, சித்திரையில் காய்ந்துவிடும் என்றால் முகம் வாடிப்போகும். சித்திரையில் வருகிறவர்களோ வைக்கோல் நிறத்தில் கிடக்கும் வாசலைப் பார்த்துவிட்டு, தண்ணீர் விட ஆள் இல்லையா என்று விசாரிக்கிறார்கள். இரண்டு சமயத்திலும் அந்தப் புல் நன்றாகத்தான் இருக்கிறது. புல்தரையை வருஷம் முழுவதும் ஆரோக்கியமாக வைத்திருப்பது வேறு, பச்சையாக வைத்திருப்பது வேறு. சென்னை வெயிலில் இரண்டையும் ஒன்றென்று நினைத்துத் தண்ணீரையும் காசையும் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர். நானும் அந்த எண்ணத்தோடுதான் தொடங்கினேன். அதை மாற்றியவை ஒரு வெள்ளமும் ஒரு புயலும் ஒரு பஞ்சமும், கூடவே என் அம்மாவும்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு மேற்கே இருக்கிறது. ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த பூமி. மேலே வீடு கட்டியபோது கொட்டிய கிராவல் மண். அதற்குக் கீழே மழையில் பிசுபிசுத்து வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற களிமண். வாசலில் 400 சதுர அடி காலியாக விட்டு அதில் புல் போட்டோம். மேற்கு ஓரத்தில் பெரிய வேம்பு ஒன்று நின்றது. அதன் நிழலுக்கு அகல இலை கொண்ட பஃபலோ புல்தான் ஆகும் என்று நர்சரியில் கொடுத்தார்கள். நிழலைத் தாங்குவதில் அது கெட்டிக்காரப் புல்தான். வெயில் விழுகிற தெருப் பக்கத்தில் அருகம்புல்லையே துண்டு துண்டாக ஊன்றினோம். நர்சரிகளில் பெர்முடா என்று விலை சொல்லி விற்பதும் இந்த அருகின் இனம்தான், அதில் ஒட்டு வகைகளும் உண்டு. மெத்தை போல மேடு மேடாக வளரும் கொரியன் புல்லைத்தான் பலரும் ஆசைப்பட்டு வாங்குகிறார்கள். பார்க்க அழகு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் வளர்ச்சி மெதுவானது; ஓரிடத்தில் பட்டுப்போனால் மூடிக்கொள்ள மாதக்கணக்கில் ஆகும். பிள்ளைகள் ஓடியாடுகிற வீட்டுக்கு அருகுதான் சரி என்பது என் கட்சி.

அந்தக் கட்சிக்கு நான் வந்து சேர்ந்ததில் ஒரு விசித்திரம் உண்டு. நான் பிறந்தது விருதுநகர் மாவட்டத்து மானாவாரிக் கிராமம் ஒன்றில். கரிசல் காடு. அங்கே அருகு என்றால் பகை. பருத்திக்குள் அருகு படர்ந்துவிட்டால் அந்த வருஷ மகசூலை மறந்துவிட வேண்டியதுதான். கோடை உழவு உழுது, புரண்ட கட்டிகளிலிருந்து வேரைப் பொறுக்கி வெயிலில் காயப்போடுவார் அப்பா. காய்ந்த வேரைக் கூட்டித் தீ வைப்பதும் உண்டு. இரண்டு மழை பெய்தால் அதே இடத்தில் ஊசி ஊசியாய்த் தலை நீட்டி நிற்கும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவன் மாலை நேரத்தில் ஹோஸ் பைப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பதை அம்மா முதன்முதலாகப் பார்த்தபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

“ஏய்யா, மாடு இல்ல, கன்னு இல்ல. புல்லுக்கா தண்ணி ஊத்திக்கிட்டிருக்க?”

“சாயங்காலம் உக்காரலாம்மா. பிள்ளைக விளையாடும்ல.”

“உக்காரு, வேணாங்கல. அருகுக்கு எதுக்குய்யா தண்ணி? அதைக் கொல்றதுக்கு உங்க அப்பா உசுரக் குடுத்தாரு. அது சாகலையே.”

அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. இதை மறைப்பதில் பயன் இல்லை. குடிதண்ணீருக்கு இரண்டு மைல் நடந்தவளின் முன்னால் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு நிற்பது யாரையும் கூசச் செய்யும். ஆனாலும் அந்தப் புல்தரை எனக்கு வேண்டியிருந்தது. படிக்கச் சென்னை வந்த புதிதில், பெரிய பங்களாக்களின் கம்பி வேலிக்குள்ளே பச்சைப் புல்வெளியைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸுக்கு நின்றிருக்கிறேன். உள்ளே போய் வெறுங்காலோடு ஒருமுறை நடந்தால் போதும் என்று தோன்றும். அந்த ஆசை என்னைவிட்டுப் போகவில்லை. இன்றும் காலையில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பனியில் நனைந்த புல்லில் கால் வைக்கிறபோது எனக்குக் கிடைக்கிற மகிழ்ச்சி சின்னதில்லை.

2015 டிசம்பர் முதல் தேதி பிடித்த மழையைத் தாம்பரத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் வாசல் சில நாள் தண்ணீருக்கடியில் கிடந்தது. வீட்டுக்குள் வந்த நீரைப் பார்ப்பதா, புல்லைப் பார்ப்பதா? வடிந்த பிறகு பார்த்தால் புல்லின் மேல் இரண்டு விரற்கடை கனத்துக்கு வண்டல். எங்கள் தெருவில் அப்போது தோட்ட வேலை பார்த்துவந்த பெரியவர் ஒருவர், “சார், இது காயறதுக்குள்ள வழிச்சிடணும். வெள்ளம் புல்லைக் கொல்லாது, மேல நிக்கிற சேறுதான் கொல்லும்” என்றார். பலகையால் சேற்றை வழித்து, மீதியைக் கழுவிவிட்டோம். தாழ்வான பக்கத்தில் பஃபலோ புல் கொஞ்சம் அழுகி நாற்றமெடுத்தது. அருகு இருந்த பக்கத்தில் பொங்கலுக்குள் துளிர் வந்துவிட்டது.

புல்லின் வேருக்குக் காற்று வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. களிமண்ணில் துகள்களுக்கிடையே இருக்கும் இடுக்கு மிகச் சிறியது. மழைநீர் தேங்கினால் அதில் நீர் நிரம்பிக் காற்று வெளியேறிவிடும். ஆள் நடந்து நடந்து மிதித்தால் இடுக்கே அடைந்துபோகும். கேட்டிலிருந்து வாசற்படி வரை எல்லாரும் நடக்கிற தடத்தில் மட்டும் எங்கள் வீட்டில் புல் சோகை பிடித்து நின்றதற்கு இதுதான் காரணம், உரக்குறை இல்லை. இப்போது ஆவணியில் ஒரு மழை பெய்து மண் இளகியதும், நான்கு பல் உள்ள இரும்பு ஃபோர்க்கைச் செங்குத்தாகக் குத்தி லேசாக அசைத்து எடுக்கிறோம். அரை அடிக்கு ஒரு குத்து, ஆழம் நான்கு விரல். மண்ணைப் புரட்டக் கூடாது, துளை மட்டும் விழ வேண்டும். பிறகு நன்றாக மக்கிய தொழு உரத்தைச் சலித்து, பாதிக்குப் பாதி ஆற்று மணல் கலந்து, கால் அங்குலக் கனத்துக்குத் தூவித் தென்னந்துடைப்பத்தால் கூட்டிவிட வேண்டும். 400 சதுர அடிக்குப் பதினைந்து சட்டி பிடிக்கும். உரம் துளைக்குள் இறங்கும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும். மக்காத சாணம் போட்டால் மாடு தின்ற களைகளின் விதையெல்லாம் நம் வாசலில் முளைக்கும், கறையானும் வரும். வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் இந்த ஆவணி வேலையைத்தான் செய்வேன்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்த அந்த மதியத்தில் எங்கள் வேம்பும் விழுந்தது. மறுநாள் அந்த இடத்தில் விழுந்த வெயிலைப் பார்க்கவே மனது கேட்கவில்லை. ஆனால் புல்லுக்கு அது வேறு உலகம். அருகுக்கு நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் அது மெலிந்து நீண்டு கடைசியில் மண்ணைக் காட்டிவிடும். வேம்பு இருந்தவரை அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காத அருகு, விழுந்த அடுத்த ஆடிக்குள் பஃபலோ புல்லுக்குள் கொடி விட்டிருந்தது. ஓடுகொடி தரை மேல் ஒரு வழி, வேர்த்தண்டு மண்ணுக்குள் ஒரு வழி என்று இரண்டு பாதையில் அது முன்னேறும். பெரியவர்கள் அருகுபோல் வேரோட வாழ்த்தியதன் அர்த்தத்தை என் வாசலில் கண்ணால் பார்த்தேன். விழுந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி இன்னொரு வேப்பங்கன்று வைத்தோம். அது வளர வளர நிழல் வரும், புல் பின்வாங்கும். பின்வாங்கட்டும். மரத்தடியில் புல் வராத இடத்தில் சருகைப் பரப்பிவிட்டுச் சும்மா இருக்கிறேன். புல்லுக்காக மரக்கிளையை வெட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

உண்மையான பாடம் 2019-ல் வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்ட வருஷம். ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எங்கள் ஆழ்துளைக் கிணற்றில் பங்குனி முடிவதற்குள் காற்றுதான் வந்தது. தெருவில் லாரிக்காகக் குடங்கள் வரிசை கட்டி நின்றன. அந்த வருஷம்தான் முதன்முதலாகக் காகிதத்தில் கணக்குப் போட்டேன். கோடையில் புல் பச்சையாக நிற்க வாரத்துக்கு 25 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் நின்றால் அது ஒரு லிட்டர். 400 சதுர அடி என்பது 37 சதுர மீட்டர். வாரத்துக்கு ஏறக்குறைய 930 லிட்டர். மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் தொட்டி அநேகமாகக் காலி. ஒரு நகரவாசிக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. நான்கு பேர் உள்ள குடும்பத்தின் ஒன்றே முக்கால் நாள் தண்ணீரை வாராவாரம் புல் குடிக்கிறது என்று கணக்கு வந்தது. அதற்குப் பிறகு குழாயைத் திறக்கக் கை வரவில்லை.

சித்திரையில் புல் முழுவதும் வைக்கோலாகிவிட்டது. அம்மா அப்போது எங்களோடு இருந்தாள். நான் துக்கம் விசாரிக்கப் போனவன்போல அந்த வாசலைச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு கொடியைப் பிடித்து இழுத்தாள். மேலே இலையெல்லாம் சருகு. கணுவைச் சுற்றியிருந்த காய்ந்த உறையை நகத்தால் கீறி உரித்தாள். உள்ளே தந்த நிறத்தில், தொட்டால் ஈரம் படுகிற மாதிரி, உயிரோடு இருந்தது தண்டு. “தூங்குதுய்யா. எழுப்பாத” என்றாள்.

அருகைப் பற்றி எந்த வேளாண்மைப் படிப்பு சொல்லித் தருவதும் இதைத்தான். நீர் இல்லாவிட்டால் இலையைக் கைவிட்டுவிட்டு, கணுவிலும் வேர்த்தண்டிலும் சேமித்த மாவுச்சத்தை வைத்துக்கொண்டு உறங்கிவிடும். ஈரம் கண்டதும் கணுவிலிருந்து எழும். அந்தக் கோடையில் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, துணி அலசிய கடைசித் தண்ணீரை மட்டும் சேர்த்துவைத்து ஊற்றினோம். தண்டு சாகாமல் இருக்க அது போதும். சோப்புத்தூள் கரைத்த முதல் தண்ணீரில் சோடியம் அதிகம். தொடர்ந்து ஊற்றினால் களிமண் இறுகிப்போகும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றுகிற உப்புத் தண்ணீரும் அப்படித்தான். அருகு உப்பை ஓரளவு தாங்கும் என்றாலும் மண் மேல் வெள்ளையாகப் பூக்க ஆரம்பித்தால் நிறுத்திவிட வேண்டும். ஜூன் கடைசியில் மழை தலைகாட்டியது. ஆவணியில் வாசல் பச்சையாகிவிட்டது. மிச்சமிருந்த பஃபலோ மட்டும் திரும்பவில்லை. அந்த இடத்தையும் அருகே எடுத்துக்கொண்டது. பஞ்சத்தில் பிழைத்ததைத்தான் இப்போது வைத்திருக்கிறோம்.

எனவே எங்கள் புல்லுக்கு வருஷப்பிறப்பு ஆவணியில்தான். மாலை நேரத்து இடி மழையில் மண் நனைந்ததும் துளையிட்டு எரு போடுவதைச் சொன்னேன். புரட்டாசி முதல் வாரத்தில் தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. 400 சதுர அடிக்கு ஒரு முறைக்கு 400 கிராம் என்பதே மேல் எல்லை. நான் அதைப் பாதியாகப் பிரித்து இரண்டு வார இடைவெளியில் தூவுகிறேன். புல் காய்ந்திருக்கும்போது தூவி உடனே தண்ணீர் விட்டுவிட வேண்டும். ஈர இலையில் ஒட்டினால் பொசுங்கிவிடும். யூரியாவே வேண்டாம் என்பவர்கள் மண்புழு உரமும் வேப்பம் புண்ணாக்கும் போடலாம். பச்சை மெதுவாக வரும், ஆனால் நிற்கும்.

ஐப்பசியும் கார்த்திகையும் வெட்டுகிற மாதங்கள். இயந்திரம் எதுவாக இருந்தாலும் சரி, ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. இலைதான் அதன் சமையற்கூடம். மொட்டையடித்தால் வேரில் இருப்பு வைத்ததைத் தின்று இலையை வளர்க்கும், வேர் குறுகும், அடுத்த வெயிலில் மடியும். அருகுக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை அங்குலம் போதும். மழை மாதத்தில் வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டிவரும், இலை உலர்ந்திருக்கும் நேரத்தில். வெட்டிய மறுநாள் ஒரு இலையைக் கிள்ளி நுனியைப் பாருங்கள். கத்தி கூராக இருந்தால் நுனி நேர்கோடாக, பச்சையாக இருக்கும். மழுங்கிய கத்தி இலையை வெட்டாது, பிய்க்கும். நுனி நார் நாராகப் பிரிந்து வெளுத்துப் பிறகு பழுப்பாகும். தூரத்திலிருந்து பார்த்தால் வாசல் முழுதும் ஒரு சாம்பல் பூத்த மாதிரி தெரியும். நோய் என்று மருந்து வாங்கப் போவார்கள். தெருவில் வரும் சாணைக்காரரைக் கூப்பிட்டால் தீர்ந்துவிடும் வியாதி அது. வெட்டிய துண்டுகள் சிறியவையாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். வருஷத்துக்கு வேண்டிய தழைச்சத்தில் கால் பங்கு வரை அவற்றிலிருந்தே திரும்பக் கிடைக்கும்.

மழை மாதத்தில் வருகிற இன்னொரு விருந்தாளி கோரை. இதைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதலாம். மூன்று பட்டையான தண்டு, பளபளக்கிற இலை, புல்லைவிட வேகமாக ஒரு சாண் உயர்ந்து நிற்கும். பிடித்து இழுத்தால் சுலபமாக வந்துவிடும், அதில்தான் ஏமாற்று இருக்கிறது. கிழங்கு உள்ளேயே இருந்துகொள்ளும். நல்ல மழைக்கு மறுநாள், மண் தளர்ந்திருக்கும்போது களைக்கொத்தைச் செடிக்கு ஓரமாக ஆழச் செருகி மண்ணோடு நெம்பி எடுத்துப் பாருங்கள். கறுத்த கம்பி மாதிரி ஒரு வேர்த்தண்டு போகும். அதன் முனையில் கடலைப் பருமனில் ரோமம் மூடிய கிழங்கு, அங்கிருந்து இன்னொரு கம்பி, இன்னொரு கிழங்கு. கிள்ளினால் உள்ளே வெள்ளையாக, சூடம் கலந்த மாதிரி ஒரு வாசம். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு என்று விற்பது இதைத்தான். கிழங்கு அத்தனையையும் யாராலும் எடுத்துவிட முடியாது. ஆனால் மேலே முளைத்ததை ஐந்தாறு இலை விடுவதற்குள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டே இருந்தால் கிழங்கில் உள்ள சேமிப்பு கரையும். இரண்டு மழைக்காலம் விடாமல் செய்தால் கோரை கண்ணில் படுவது அரிதாகிவிடும். களைக்கொல்லி அடிப்பதை நான் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளைகள் புரளும் இடம். பொடுதலை, அம்மான் பச்சரிசி போன்றவை கையால் போய்விடும். புல் அடர்ந்துவிட்டால் களைக்கு வெளிச்சம் கிடைக்காது.

மார்கழி, தையில் தண்ணீர் விடவே தேவையிருக்காது. பனியே இலையை விடியும் வரை நனைத்து வைத்திருக்கும், அதனால் பூஞ்சை வரும். ரூபாய் நாணய அளவில் வெளுத்த வட்டங்கள் தெரியும். மாலையில் தண்ணீர் விடுவதை நிறுத்தி, காலையில் ஒரு மூங்கில் கழியால் பனியைத் தட்டிவிட்டாலே பாதி குணமாகும். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மருந்தைக் கரைத்து ஊற்றுவதும் உண்டு. கொண்டலாத்தி வந்து புல்லில் குத்திக்கொண்டிருந்தால் மண்ணுக்குள் புழு இருக்கிறது என்று அர்த்தம். அது தின்றுவிட்டுப் போகட்டும், நாம் குறுக்கே போக வேண்டாம்.

மாசியில் இருந்துதான் நீர் பாய்ச்சுவதில் புத்தி வேண்டும். தினமும் கொஞ்சம் தெளிப்பது புல்லைக் கெடுக்கும் வழி. ஈரம் மேலே மட்டும் இருந்தால் வேரும் மேலேயே நின்றுவிடும். வாரத்துக்கு ஒரு நாள், அதிகம் போனால் இரண்டு நாள், நான்கு விரல் ஆழம் நனைகிற அளவுக்கு விட வேண்டும். ஒரு வாளி நிறைய எவ்வளவு நேரம் ஆகிறதென்று பார்த்துக்கொண்டால் குழாய் தருகிற அளவு தெரிந்துவிடும். எப்போது விடுவது என்பதை நாள்காட்டி சொல்லாது, புல் சொல்லும். சாயங்காலம் அதன் மேல் நடந்துவிட்டுத் திரும்பிப் பாருங்கள். மிதித்த இலை உடனே நிமிர்ந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. காலடித் தடம் அப்படியே கிடந்து, இலை மடிந்து நீலம் கலந்த சாம்பல் நிறம் காட்டினால் மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் விடலாம். பங்குனியில் வெட்டும் உயரத்தை அரை அங்குலம் கூட்டிவிடுகிறேன். மண்ணுக்கு அது நிழல். அதற்குப் பிறகு உரம் கிடையாது. மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்குகிறபோது குழாயை மூடிவிடுவோம், கிணற்றில் தண்ணீர் இருந்தாலும் கூட.

அம்மா கேட்ட கேள்விக்கு இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த பதில் மழைக்காலத்தில்தான் இருக்கிறது. எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வாசலும் இப்போது டைல்ஸ் அல்லது சிமெண்ட். 2003-லிருந்து மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம். குழாயும் குழியும் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனாலும் கார்த்திகை மழையில் அந்த வாசல்களின் தண்ணீர் தெருவுக்குத்தான் ஓடுகிறது. எங்கள் 400 சதுர அடியில் விழுகிற மழையில் பெரும்பகுதி அங்கேயே உள்ளே போகிறது, மிச்சம் மூலையில் இருக்கும் குழிக்குப் போகிறது. துளையிட்ட மண்ணும் அடர்ந்த வேரும் அதைச் செய்கின்றன. கோடையில் அது எங்களிடம் தண்ணீர் கேட்பதில்லை, மழையில் பூமிக்குக் கொடுக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அப்ப சரி” என்றாள்.

இந்த வருஷம் வாசலில் புல் போட நினைக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சித்திரை விடுமுறையில் ஆள் கிடைக்கிறார்கள் என்று அப்போது போட்டுவிடாதீர்கள். தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் பாதி பட்டுப்போகும். ஆவணி வரை பொறுங்கள். அருகை விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். மருந்து தெளிக்காத ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ படர்ந்திருப்பதைக் கணுவோடு சேர்த்து விரல் நீளத்துக்கு நறுக்கி, கொத்திவிட்ட மண்ணில் சாணுக்கு ஒன்றாக ஊன்றி ஒரு கணுவை மட்டும் வெளியே விடுங்கள். மாலை மழை தொடர்ந்து கிடைத்தால் ஐப்பசிக்குள் தரை மூடிவிடும்.